வீட்டுக்காரருக்கு கேம் பார்த்த கதை

நான் வீடியோ கேம் ஆடுகிறவள் என்பது ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, இதுவரைக்கும் கேமே ஆடாத ஆளுக்கு மொதல்ல எதைக் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். தங்களுக்காகக் கேட்கிறவர்கள் குறைவு. நிச்சயமான பையனுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, ஒரே ரூமில் தங்கியிருக்கும் தோழிக்கு என்று யாராவது ஒருவர் இருப்பார். "உனக்குப் புடிச்சதை மட்டும் கொடுத்துராதே" என்று சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போய், தங்களுக்குப் பிடித்ததையே கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். நானும் அதையேதான் செய்தேன் என்பதால் அவர்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் திட்டுவேன்.

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் இங்கே தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. பையர் இங்கிலீஷில் மரியாதையாகத் திட்டுவார், யூனிட்காரர் கொங்குத் தமிழில் அதைவிட மரியாதையாகத் திட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாரையாவது நாலு பேரைச் சுட்டால்தான் சோறு இறங்கும் போலிருக்கும். அதற்குத்தான் கேம்.

பிறந்த ஊர் சோமனூர். வீட்டை ஒட்டியே தறி ஓடிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் மெல்லப் பேச முடியாது. அண்ணனும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஆடுவோம், அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. பிறகு அண்ணன் வேலைக்கென்று வெளிநாடு போனான். அவனுக்கு விடிகிற நேரத்தில் எனக்கு இருட்டும் என்பதால் சேர்ந்து ஆடுவது நின்றுபோனது. தனியாக ஆடுவதில் என்ன குறை என்றால், ஜெயித்த பிறகு திரும்பிப் பார்த்து இளிப்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்காது.

கல்யாணம் பேசி முடித்தபோது நான் வைத்த ஒரே நிபந்தனை, கேம் பெட்டி என்னோடு வரும் என்பது. அம்மா அதைச் சீர்ப் பாத்திரங்களோடு, குத்துவிளக்குக்கும் இட்லிக் குண்டாவுக்கும் நடுவில் வைத்துவிட்டார். சீர் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டெபிலைசருங்களா?" என்று கேட்டார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆமாங்க" என்றார். புகுந்த வீட்டில் அது பல மாதங்களுக்கு ஸ்டெபிலைசராகவே இருந்தது. கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மாமியார், "கண்ணு, உன்ற அம்மா ஒண்ணு குடுத்துச்சே, அதை மாட்டி உடேன்" என்பார்.

என் வீட்டுக்காரர் அருள்புரத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். நூல் வரும், துணியாகப் பின்னிக் கொடுப்பார். நல்ல மனிதர். கொஞ்சம் அதிகமாகவே நல்ல மனிதர். காபியில் சர்க்கரை போட மறந்தாலும் குடித்துவிட்டு, "நல்லாருக்குது" என்பார். சண்டை வருகிற மாதிரி இருந்தால் போதும், பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "யூனிட் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிடுவார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் எங்களுக்குள் பேச்சு என்றால், "நூல் வந்துருச்சுங்களா?", "வந்துருச்சு", "சாப்பிடறீங்களா?", "சாப்பிடலாம்." அவ்வளவுதான். கோபம் கிடையாது, குறை கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற கண்ணியமான பயணியோடு குடும்பம் நடத்துகிற மாதிரி இருந்தது. இப்படியே இரண்டு பேரும் கிழடாகிவிடுவோமோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அந்த வீட்டில் சேர்ந்து கத்துவதற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும். அவருக்கு ஏற்ற ஒரு கேம் கிடைத்துவிட்டால் ஆளும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் கொடுத்தது துப்பாக்கி கேம். என் உயிருக்கு உயிரான கேம். இதைப் பிடிக்காதவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்து உட்கார வைத்தேன். கேம் ஆடுகிறவர்களுக்கு மறந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. நடப்பதற்கு இடது கட்டைவிரல், பார்ப்பதற்கு வலது கட்டைவிரல். எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அவர் நடந்தபோது பார்க்கவில்லை, பார்த்தபோது நடக்கவில்லை. வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி ஒரு சுவரோடு முட்டிக்கொண்டு நின்றார்.

"நடக்கறப்பவே அவனுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டார்.

"நீங்கதான் காட்டணுங்க."

"பாவம், குருட்டுப் பையனை எதுக்குச் சண்டைக்கு அனுப்பிச்சாங்க?"

ஆன்லைனில் எங்கள் அணியில் வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அவருக்கு யூனிட்டில் பேசிப் பழகிய இந்தி உண்டு. மைக்கில் அவர்களிடம், "பையா, தோடா ருக்கோ, நான் இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கிருந்தோ குண்டு பாய்ந்தது. அடிபட்டால் அந்த கேமில் திரையின் ஓரமெல்லாம் சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தால் ஓடி ஒளிய வேண்டும் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த சிவப்பு வேறு. நிட்டிங் மிஷினில் ஒரு நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் நிற்கும். ஓடிப்போய் அறுந்த நூலை முடிந்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் துணி முழுக்க ஓட்டை விழுந்துவிடும். அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், எங்கே அறுந்தது என்று தேடுகிறவர் மாதிரி திரையை உற்றுப் பார்த்தார். சிவப்பு இன்னும் ஏறியது. "மிஷின் பந்த் கரோ!" என்று மிஷினை நிறுத்தச் சொல்லி மைக்கில் கத்திவிட்டு, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அந்த வடக்கத்திப் பையன்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க பிடுங்குனீங்க?"

"நிக்க மாட்டீங்குதே" என்றார் அப்பாவியாக.

இரண்டாவது கார் ரேஸ். கார் ஓட்டத் தெரிந்த மனிதருக்கு கார் கேம் வராமலா போய்விடும் என்பது என் எண்ணம். கார் ஓட்டத் தெரிந்ததுதான் அங்கே வினையாகிவிட்டது. இடது ஓரமாகவே போனார். பின்னால் வந்த காருக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டார். வளைவில் ஹாரன் அடிக்கப் பட்டன் எது என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றதும், "இத்தனை வெலை குடுத்து வாங்குன கேமுல ஒரு ஹாரன் வெக்கல பாரு" என்று குறைபட்டார். பல்லடம் ரோட்டில் லாரிக்கும் கம்பெனி வேனுக்கும் நடுவில் ஓட்டிப் பழகியவருக்கு ஆள் இல்லாத ரோட்டைப் பார்த்தாலே சந்தேகம். எல்லோரும் வந்து சேர்ந்து, பரிசு கொடுத்து, பாட்டுப் போட்டு முடித்த பிறகு கோட்டைத் தாண்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"கடைசிங்க" என்றேன்.

"இருக்கட்டும். வண்டியில ஒரு கீறல் இல்ல பாரு."

மூன்றாவதாகத்தான் தோட்டம் போடும் கேமை வாங்கினேன். சாவு கிடையாது, அவசரம் கிடையாது, சிவப்பும் கிடையாது. காடு என்று நாங்கள் சொல்கிற விளைநிலம் குட்டியாக ஒன்று, கிணறு, மாடு, நாலு கோழி. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வது இந்த மாதிரி கேமைத்தான். மனிதர் மறுபேச்சில்லாமல் விழுந்துவிட்டார். அவர் கையில் கண்ட்ரோலர் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. யூனிட் போடுவதற்கு முன்னால் அவர்கள் குடும்பத்துக்கு விவசாயம்தான். ஒரு வாளித் தண்ணீரில் பூசணி காய்ப்பதைப் பார்த்து அசந்துபோய், "அத்தனை ஆழம் போர் போட்டு நாம காத்தைத்தான் பாத்தோம்" என்றார். சத்தம் கேட்டு வந்த மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அங்க தக்காளி என்ன வெலைக்குப் போவுது?" என்று மாமியார் கேட்டார்.

"எப்பவுமே ஒரே வெலைதாம்மா."

"இது எந்த ஊருன்னு கேளு சாமி" என்றார் மாமியார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணனுக்கு போனில் பெருமையடித்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் நடந்தது என்னவென்று எனக்கு உறைத்தது. அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஆள் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் டிவி முன்னால் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார், நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்பு பேசிய "நூல் வந்துருச்சுங்களா"வும் போய்விட்டது. என் கேம் பெட்டி, என் டிவி, என் வீட்டுக்காரர் மூன்றையும் ஒரு மாட்டிடம் பறிகொடுத்துவிட்டு நின்றேன். அந்த மாட்டின் மேல் எனக்குப் பொறாமை வந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைத் தடவிக் கொடுத்தால் தலைக்கு மேல் ஒரு இதயம் பூக்கும். அவர் மறக்காமல் தினமும் தடவிக் கொடுத்தார்.

அந்த கேமில் இரண்டாவது ஆளும் சேர்ந்துகொள்ள வழி உண்டு என்று தேடிக் கண்டுபிடித்து, நானும் ஒரு கண்ட்ரோலரோடு போய் உட்கார்ந்தேன். அவருக்குச் சந்தோஷம்தான். "வா வா, நல்ல நேரத்துல வந்தே. கெழக்கால காட்டுல களை மண்டிக் கெடக்குது, அதைக் கொஞ்சம் எடுத்துரு" என்றார். எடுத்தேன். அது முடிந்ததும் கல் பொறுக்கச் சொன்னார். பிறகு கோழி அடையும் சாளையைக் கூட்டச் சொன்னார். அவர் மாட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யூனிட்டில் நிற்கிற மாதிரியே இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

கண்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தேன்.

"வாரம் பூராவும் ஆபீஸ்ல பையர்கிட்டத் திட்டு வாங்கறேன். ஞாயித்துக்கெழமை உங்க தோட்டத்துல கூலிக்குக் களை எடுக்கணுங்களா? உங்க கூட வெளையாடலாம்னு வந்தேங்க. உங்களுக்கு வேலைக்கு ஆளு வேணும்னா அருள்புரத்துல தேடுங்க!"

அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "யூனிட் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"இன்னைக்கு யூனிட் லீவுங்க" என்றேன்.

அப்படியும் போய்விட்டார். நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு கேமுக்காக அழுகிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. அது கேமுக்கான அழுகை இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

சீக்கிரமே திரும்பி வந்தார். கையில் முட்டை பப்ஸ் பொட்டலம். அதைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ட்ரோலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தத் துப்பாக்கி கேமை நீ ஆடறப்ப பாத்தேன். கண்ணுகூடச் சிமிட்ட மாட்டீங்கறே. எனக்கு நடக்கவே வரல. உன்ற முன்னால மறுக்கா மறுக்கா சாவறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. தோட்டத்துல யாரும் சாவறதில்ல. அதான் அங்கயே இருந்துட்டேன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நூலைப் பற்றி இல்லாமல் ஒரே மூச்சில் இவ்வளவு நீளம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பப்ஸைத் தின்றுகொண்டே யோசித்தேன். துப்பாக்கியும் ரேஸும் நான் பல வருஷம் ஊறிய கேம்கள். தோட்டம் அவர் ரத்தத்திலேயே ஊறியது. ஒன்றில் நான் முதலாளி, இன்னொன்றில் அவர் முதலாளி. இரண்டு பேருமே தத்தியாக இருக்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

அப்படித்தான் வீடு காலி செய்கிற கேம் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கும் சாமான்களை வெளியே தூக்கி வந்து வண்டியில் ஏற்ற வேண்டும். சோபாவின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை மற்றவர் பிடிக்க வேண்டும். சோபா எந்தக் கதவிலும் நேராகப் போகாது. இதில் என் துப்பாக்கி வித்தைகள் எதுவும் செல்லாது. நான் இழுத்தால் அவர் சுவரில் மாட்டுவார், அவர் இழுத்தால் நான் படியில் உருளுவேன்.

ஆரம்பித்ததும் அவர் ஒரு ஜன்னலைக்கூட உடைக்க மறுத்தார். "அட்வான்ஸ்ல புடிச்சுக்குவாங்க" என்றார். இந்த ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு மேஜையை வாசல் வழியாகக் கொண்டுவர முக்கால்வாசி மத்தியானம் போராடினோம். கடைசியில் நான் கை தவறி ஒரு நாற்காலியை ஜன்னலில் எறிந்தேன். கண்ணாடி சிலுசிலுவென்று கொட்டியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. எதுவும் சிவக்கவில்லை. மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒரு பூந்தொட்டியை எடுத்தார், பக்கத்து ஜன்னலில் விட்டெறிந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்படி ஒரு சிரிப்பு இந்த மனிதரிடம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் காலையிலேயே முருகன் மலைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மாடி வைத்த ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தோம். இதுவரை வந்ததிலேயே பெரிய வீடு.

"பிரிட்ஜை மொதல்ல வெளிய எடுத்துரலாம்! புடிங்க!"

"நீ இழுக்காதே, நான் தள்றேன்! கதவு பத்தாது!"

"பத்தாட்டிப் போனா கதவை ஒடைங்க!"

"உன்னாலதான் எல்லாம்! அப்பவே சொன்னேன், சோபாவை மொதல்ல எடுக்கலாம்னு! கேட்டியா?"

"நீங்க சொன்னதைக் கேட்டு உருப்பட்டதுண்டா? தூக்குங்க! இன்னைக்கு இந்த ஊட்டைக் காலி பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன்!"

முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைவது போலிருந்தது. திரும்பினேன். மாமியார் கையில் தேங்காய் மூடித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ தெரியாது. கண் கலங்கியிருந்தது.

"போறதுன்னா போங்க கண்ணு, நான் தடுக்கல" என்றார். "தனியா இருந்தாலும் நல்லா இருந்தாப் போதும். ஆனா பிரிட்ஜு எந்தம்பி எனக்கு வாங்கிக் குடுத்தது. அதை மட்டும் உட்டுட்டுப் போங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சிரிப்புதான் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு டிவியைக் கை காட்டினேன். அங்கே இரண்டு பொம்மைகள் ஒரு பிரிட்ஜைக் கதவிடுக்கில் மாட்டிவிட்டுக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. மாமியார் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப சண்டை இல்லியா?"

"இல்லீங்கத்தை. கேமுங்க."

"நெசமாவே இல்லியா?" என்றார். குரலில் ஏமாற்றம் மாதிரி ஏதோ இருந்தது. "வெளி கேட்டுக்கிட்ட வர்றப்பவே சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் சண்டை போடறீங்கன்னு நெனச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு கண்ணு."

"அப்பாடாவா?" என்றார் அவர், சிரிப்பை நிறுத்திவிட்டு.

"பின்னென்ன சாமி? கண்ணாலமாகி ஒரு வருசமாச்சு. ரெண்டு பேரும் லாட்ஜுல தங்குன ஆளுங்களாட்ட வந்தீங்க, போனீங்க. புடிக்காமக் கட்டி வெச்சுட்டனோன்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். ரெண்டும் வாய் உட்டு ஒரு சண்டையாவது போடட்டும்னு மலைக்குப் போறப்பெல்லாம் முருகங்கிட்டக் கேட்டுட்டு வருவேன். இன்னைக்கும் அதைத்தான் கேட்டேன். வந்து பாத்தா ஊடே ரெண்டாப் போவுது. கொஞ்சம் ஜாஸ்தியாக் குடுத்துப்புட்டானோன்னு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இந்த வீட்டின் அமைதி என் ஒருத்தி காதுக்குத்தான் கேட்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இன்னொரு மனுஷியும் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் கேமை நம்பிய மாதிரி அவர் முருகனை நம்பிக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கண்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சுத்தாம்மா கட்டுனேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "என்ன பேசறதுன்னுதான் தெரியல."

மாமியார் எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். போகும்போது, "சத்தமாவே ஆடுங்க, எனக்கொண்ணும் தொந்தரவு இல்ல" என்றார்.

வீட்டுக்காரர் லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு, என் கண்ட்ரோலரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"புடி. மாடியில கட்டிலு இன்னும் அப்படியே கெடக்குது."

நான் என் பக்கத்து முனையைப் பிடித்தேன்.